நண்பன் என்ற சொல் போதாதா?

ஒரு நாவலைப் படித்துவிட்டு அழுதேன் என்று அச்சில் எழுதுவதற்கு ஓர் அறிவியல் மாணவனுக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அதிலும் நம் சங்க இதழில், விடுதியில் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நண்பர்கள் படிக்கும் இடத்தில் எழுதுவதென்றால் கூச்சம் இரட்டிப்பாகிறது. ஆயினும் எழுதத் துணிந்துவிட்டேன். அழுகையைப் பற்றி எழுதுவது என் நோக்கம் அன்று. அந்த நாவலின் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. என் மீதும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

நாவலின் பெயர் 'தி கைட் ரன்னர்'. அறுந்து விழும் பட்டத்தைத் துரத்திப் பிடிப்பவன் என்று பொருள் கொள்ளலாம். ஆசிரியர் காலித் ஹுசைனி 1965-இல் காபூல் நகரில் பிறந்தவர். தந்தையார் ஆப்கானிஸ்தானத்தின் வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். அப்பணியின் பொருட்டுக் குடும்பம் 1976-இல் பாரிசுக்குப் பெயர்ந்தது. 1978-இல் நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு, 1979-இன் இறுதியில் சோவியத் படையெடுப்பு. திரும்பிப் போக வழி இல்லாமல் 1980-இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார்கள். ஹுசைனி அங்கே மருத்துவம் கற்று மருத்துவரானார். நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு முன், விடியற்காலையில் எழுந்து எழுதிய நூல் இது. 2003-இல் வெளிவந்தது. "ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தால் ஒரு பக்கம் படிக்கவும் நேரம் இல்லை" என்று சொல்லித் திரியும் நம்மவர் சிலர் (நானும் அவர்களுள் ஒருவன்) இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்டு 15 அன்று தில்லியில் மொட்டைமாடி ஏறியவர்களுக்கு அந்நாளின் வானத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டங்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு அப்படி நின்றபோது, அறுந்த பட்டம் ஒன்றின் பின்னே ஒரு சிறுவன் சாலையில் வண்டிகளையும் பாராமல் ஓடினான். கண்கள் வானத்தில், கால்கள் எங்கே விழுகின்றன என்ற நினைவே இல்லை. என் பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூடத் தோழர் ஒருவர், "இவனைப் போல ஒருவனைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது" என்று சொல்லி, அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார். நான்கு மாதம் அது என் அலமாரியில் உறங்கியது. டிசம்பர் விடுமுறையில் விடுதி காலியான பிறகு, ஒரு குளிரிரவில் எடுத்தேன். விடியும் வரை வைக்கவில்லை.

கதையைச் சொல்லாமல் என் வழக்கைச் சொல்ல முடியாது. இனிமேல்தான் படிக்கப் போகிறோம் என்போர் பொறுத்தருள்க.

அமீர், ஹசன் இருவரும் காபூலின் செல்வர் குடியிருப்பு ஒன்றில், ஒரே மதிலுக்குள் வளர்கிறார்கள். அமீர் மாளிகையில் இருக்கிறான். அவன் பஷ்தூன், சன்னி வகுப்பினன். ஹசன் தோட்டத்து மூலையில் மண் குடிசையில் இருக்கிறான். வேலைக்காரர் அலியின் மகன். அவன் ஹசாரா, ஷியா வகுப்பினன். ஹசாராக்களை அந்நாட்டில் நெடுங்காலமாகத் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். இருவருக்கும் தாயன்பு இல்லை: ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள், மற்றொருத்தி பிள்ளையை விட்டு ஓடிவிட்டாள். ஒரே செவிலியிடம் பால் குடித்தவர்கள். ஒருவன் முதலில் பேசிய சொல் 'பாபா'. அது தந்தையின் பெயர். மற்றவன் முதலில் பேசிய சொல் 'அமீர்'.

காலையில் அமீர் எழும்போது அவன் காலணி துடைக்கப்பட்டு, உடை தேய்க்கப்பட்டு, புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். செய்தவன் ஹசன். அமீர் பள்ளிக்குப் போவான். ஹசன் வீட்டு வேலைக்குப் போவான். மாலையில் இருவரும் குன்றின் மேல் ஏறுவார்கள். அங்கே பாழடைந்த இடுகாடும் ஒரு மாதுளை மரமும் உண்டு. மரத்தில் தாங்கள் இருவருமே காபூலின் சுல்தான்கள் என்று கத்தியால் செதுக்கி வைக்கிறார்கள். அந்நிழலில் அமீர் 'ஷாநாமா'விலிருந்து ருஸ்தம், சொராப் கதையை வாசிப்பான். எழுத்தறியாத ஹசன் கண் கலங்கக் கேட்பான். சில நாட்களில் அமீர், புத்தகத்தில் இல்லாததைத் தானே கட்டி வாசித்து ஏமாற்றுவான். அரிய சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டால் தவறாகச் சொல்லிக்கொடுத்து உள்ளூர நகைப்பான்.

இங்கே ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அமீர் தன் முதற்கதையை எழுதுகிறான். மந்திரக் கிண்ணம் ஒன்று கிடைக்கிறது ஓர் ஏழைக்கு. அதில் விழும் கண்ணீர்த்துளி முத்தாகிறது. முத்தின் மேல் ஆசை மிகுந்து, அழுவதற்காகத் தன் மனைவியையே கொன்றுவிடுகிறான். இதைக் கேட்ட ஹசன் பாராட்டிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறான்: மனைவியை ஏன் கொல்ல வேண்டும், ஒரு வெங்காயத்தை முகர்ந்தால் போதாதா? படிக்காதவன் கேட்ட கேள்வியில் படித்தவனின் கதை சரிந்துவிடுகிறது. அமீருக்கு நன்றி தோன்றவில்லை, சினம்தான் தோன்றுகிறது. அந்த இடத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்பே ஏதோ ஒன்று தொண்டையில் அடைத்தது. அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

ஹசன் பிளந்த மேலுதட்டோடு பிறந்தவன். அவன் பிறந்தநாள் பரிசாக, அமீரின் தந்தை ஓர் இந்திய மருத்துவரை, குமார் என்று பெயர், வரவழைத்து உதட்டைத் தைத்துச் சீராக்குகிறார். தழும்பும் மங்கிவிடுகிறது. உதடு சிரிப்பதற்கேற்றதாகும் காலத்தில் சிரிப்பதற்குக் காரணம் போய்விடுகிறது. அதுவே 1975-ஆம் ஆண்டுக் குளிர்காலம்.

அந்தக் குளிர்காலத்துப் பட்டப் போட்டியில் அமீர் வெல்கிறான். கண்ணாடித்தூள் பூசிய நூலை அங்கே 'தார்' என்கிறார்கள், நம் ஊர் மாஞ்சாதான். கடைசியாக அறுந்த நீலப் பட்டத்தைப் பிடித்து வர ஹசன் ஓடுகிறான். அந்தப் பட்டம் இருந்தால்தான் தந்தையின் அன்பு கிட்டும் என்பது அமீரின் எண்ணம். ஹசன் பிடித்தும் விடுகிறான். ஆனால் ஒரு சந்தில் அஸெஃப் என்ற முரடனும் அவன் கூட்டாளிகளும் வழிமறிக்கிறார்கள். பட்டத்தைக் கொடு, இல்லையேல் விடமாட்டோம் என்கிறார்கள். ஹசன் கொடுக்கவில்லை. அவன் மானத்தைச் சிதைக்கிறார்கள். சந்தின் முனையில் மறைந்து நின்று அமீர் பார்க்கிறான். பார்த்துவிட்டு ஓடிப்போகிறான்.

இதற்குப் பின் வருவதுதான் எனக்கு அதனினும் கொடிதாகத் தோன்றியது. குற்றம் செய்தவனுக்குக் குற்றத்தின் சாட்சியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மாதுளங்கனிகளை ஹசன் மேல் எறிந்து, "நீயும் அடி" என்று கத்துகிறான். ஹசன் ஒரு கனியை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொண்டு போகிறான். பிறகு அமீர் தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் படுக்கைக்கு அடியில் வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுகிறான். "எடுத்தாயா?" என்று கேட்டபோது, எடுக்காத ஹசன் "எடுத்தேன்" என்கிறான். அமீரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அலியும் ஹசனும் மழையில் நனைந்தபடி அவ்வீட்டை விட்டுப் போகிறார்கள். நான் அழுதது இந்த இடத்தில். புத்தகத்தில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

சென்ற திங்கள் நம் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்நாவலைப் பற்றிப் பேசினேன். இரண்டு மறுப்புகள் வந்தன. முதல் மறுப்பு: "இது சினிமாக் கதை." நான் ஓரளவு உடன்படுகிறேன். பிற்பாதியில் ஆசிரியர் கணக்குத் தீர்ப்பதில் அளவுக்கு மீறிய ஆர்வம் காட்டுகிறார். அமீர் 1981-இல் தந்தையோடு நாட்டை விட்டு ஓடி அமெரிக்கா சேர்கிறான், வளர்ந்து எழுத்தாளனாகிறான். 2001-இல் பெஷாவரிலிருந்து அழைப்பு வருகிறது. ஹசனும் அவன் மனைவியும் தாலிபான்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மகன் சொராப் காபூலில் அனாதையாக இருக்கிறான். தேடிப் போனால் சிறுவனை வைத்திருப்பவன் அதே அஸெஃப்! அன்று ஹசன் உண்டிவில்லைக் காட்டி மிரட்டிய கண்ணையே இன்று அவன் மகன் உண்டிவில்லால் அடிக்கிறான். அமீரின் மேலுதடு கிழிந்து, ஹசனுக்கு இருந்த தழும்பு அவனுக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு வரைபடம் வந்தால் நம் பேராசிரியர்கள் முடிவுகளைத் திருத்தியிருக்கிறோம் என்றே ஐயுறுவார்கள்.

இரண்டாம் மறுப்பு ஒரு தமிழிலக்கிய ஆர்வலரிடமிருந்து வந்தது. "நட்புக்கு ஆப்கானிஸ்தானம் வரை போக வேண்டுமா? வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரம் எழுதி வைத்திருக்கிறார். கோப்பெருஞ்சோழனை ஒருமுறையும் நேரில் காணாமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்தபோது தேடி வந்து உயிர் விட்ட பிசிராந்தையார் இருக்கிறார். பாரி மாய்ந்த பின் அவன் மக்களுக்கு மணம் முடிக்க நாடு நாடாக அலைந்த கபிலர் இருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார்.

பெருமைக்குரிய நட்புகளே. நான் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் வளர்ந்த மனிதர்கள் அறிவால் ஆராய்ந்து தேர்ந்துகொண்ட நட்புகள். அரசனும் புலவனும் பொருளில் ஒத்தவர் அல்லர், மதிப்பில் ஒத்தவர். கபிலர் பாரியின் முன் கைகட்டி நிற்கவில்லை. சிறுவயது நட்பு அப்படிப்பட்டதன்று. அதை யாரும் ஆராய்ந்து தேர்வதில்லை. பக்கத்தில் எந்தப் பிள்ளை இருக்கிறதோ அதுவே நட்பு. அந்தப் பிள்ளை பக்கத்து மாளிகைப் பிள்ளையா, தோட்டத்துக் குடிசைப் பிள்ளையா என்பதை முன்னமே வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். "குழந்தைகளுக்கு ஏற்றத்தாழ்வு தெரியாது" என்று நாம் மேடையில் பேசுகிறோம். தெரியும் என்கிறது இந்நாவல். மேலே இருக்கும் பிள்ளைக்குத் தெரியாதது போல நடிக்க வசதி இருக்கிறது. கீழே இருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஹசன் எப்போதும் 'அமீர் ஆகா' என்றே அழைக்கிறான். ஆகா என்பது மரியாதைச் சொல். அமீர் அவனை வெறும் ஹசன் என்கிறான். அமீரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறான், அவனைத் தான் நண்பன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை என்று. அஸெஃப் ஒருநாள் சாலையில் மடக்கி, "இவனையெல்லாம் எப்படி நண்பன் என்கிறாய்?" என்று கேட்டபோது, 'அவன் என் வேலைக்காரன்தான்' என்ற சொல் அமீரின் நுனிநாக்கு வரை வந்துவிடுகிறது. சந்து முனையில் நிகழ்ந்த துரோகம் அன்றைக்குப் பிறந்ததன்று. அது அந்த நுனிநாக்கில் இருந்தது. நாவலின் முற்பாதியின் பெருமை இதைக் காட்டியதுதான் என்பேன்.

இனி நாவலின் மீதான என் வழக்கு.

பெஷாவரில் அமீருக்கு ஓர் உண்மை வெளிப்படுத்தப்படுகிறது. ஹசன் அலியின் மகன் அல்லன்; அமீரின் தந்தைக்கே பிறந்தவன். ஆகவே அமீருக்குத் தம்பி. இதைக் கேட்டு அவன் உள்ளம் நொறுங்குகிறது, கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான், பிறகு காபூலுக்குப் புறப்படுகிறான். படிப்போர் பெரும்பாலோர் இந்தத் திருப்பத்தில் மூச்சடைத்துப் போகிறார்கள். எனக்கு இங்கேதான் நாவல் கை நழுவியது. நான் கேட்கிறேன்: ஹசன் வெறும் வேலைக்காரனின் மகனாகவே இருந்திருந்தால் அமீர் போயிருக்க மாட்டானா? போக வேண்டியதில்லையா? சேர்ந்து ஓடிய பன்னிரண்டு ஆண்டுகளும், மரத்தில் செதுக்கிய பெயரும், பிடித்து வந்த பட்டமும், பொய்யாக ஏற்றுக்கொண்ட திருட்டும் ஒரு கடனாகப் போதாவா? கடன் செல்லுபடியாவதற்கு இரத்தத்தின் முத்திரை வேண்டுமா?

ஹுசைனியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நாமும் அப்படித்தான். கர்ணன் களத்தில் வீழ்ந்த பிறகு, அவன் உங்கள் மூத்தவன் என்று குந்தி சொன்ன பின்னரே தருமன் கதறுகிறான். தேரோட்டி மகனாகவே அவன் மாண்டிருந்தால் அந்தக் கதறல் இல்லை. பிறப்பு அறியாமலே அவனை அருகில் அமர்த்தி, அங்க நாட்டைக் கொடுத்து, நண்பன் என்று சொன்னவன் துரியோதனன் ஒருவன்தான். அவனைத்தான் நாம் தீயவன் என்கிறோம். கம்பன் காவியத்தில் குகன் எவ்வளவு அன்பன்! அவனைச் சிறப்பிக்க வந்த இராமன் தன் உடன்பிறந்தார் வரிசையிலே அவனைச் சேர்த்துக்கொள்கிறான். அதைப் படித்துப் பூரித்தவன் நான். இப்போது ஓர் ஐயம் எழுகிறது. தாழ்ந்தவன் என்று ஊர் சொல்லும் ஒருவனை உயர்த்த வேண்டுமென்றால் அவனைத் தம்பி ஆக்க வேண்டியிருக்கிறதே, ஏன்? நண்பன் என்ற சொல் போதாதா? உறவுச்சொல் இனிமையானது. ஆனால் அது பல நேரங்களில் மறைப்பதற்குப் பயன்படுகிறது. இதை நான் நூலில் கற்கவில்லை. என் ஊரில் கற்றேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தான். எங்களுக்குச் சிறிது நிலம் உண்டு. நாற்று விடுவது முதல் கதிர் அறுப்பது வரை அந்நிலத்தைப் பார்த்துக்கொண்டவரின் மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். பெயரை எழுதவில்லை, எழுத அவனிடம் ஒப்புதல் கேட்கவில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நீச்சல் பழக்கியவன் அவன். கிட்டிப்புள் அவன் கற்றுத் தந்தது. பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்துத் தருவான். என் கணக்குப் புத்தகத்தை அவனுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். நான் விழித்த கணக்கை அவன் விரல் மடக்கிச் சொல்லிவிடுவான். எனக்குக் கோபம் வரும். வெங்காயத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அவன் என்னைத் 'தம்பி' என்று அழைப்பான். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்: "பாருங்கள், பிள்ளைகள் அண்ணன் தம்பி போல!" ஆனால் தமிழில் வினைமுற்று என்று ஒன்று இருக்கிறது. "வாங்க தம்பி", "குதிங்க தம்பி", "பயப்படாதீங்க தம்பி" என்றுதான் அவன் பேசினான். மூத்தவன் அவன், 'நீங்க' எனக்கு. இளையவன் நான், "வாடா, போடா" அவனுக்கு. ஒன்பது பத்து வயதில் இருவரும் தண்ணீரில் கிடந்தபோதும் அந்த 'ங்க' விட்டுப்போகவில்லை. தம்பி என்ற சொல்லின் இனிமையில் எங்களில் யாருக்கும் அது காதில் விழவில்லை. அவனுக்கு விழுந்ததா என்று நான் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு என்னை நகரத்தில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். அவன் ஊர்ப் பள்ளியிலேயே இருந்தான். ஒருநாள் மாலை மழை. பேருந்து நிலையத்தில் புதிய தோழர்களோடு நின்றிருந்தேன். அவன் என் குடையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தான். அம்மா அனுப்பவில்லை, அவனாகத்தான் வந்தான் என்று பின்னால் அறிந்தேன். "தம்பி!" என்று கூப்பிட்டான். தோழர்களுள் ஒருவன், "யாருடா அது? உன் அண்ணனா?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "இல்லைடா, எங்க வயல்ல வேலை பார்க்கிறவர் மகன்."

அமீருக்கு நுனிநாக்கில் நின்ற சொல் எனக்கு வெளியே வந்துவிட்டது. அவன் நான்கடி தூரத்தில் நின்றான். குடையைக் கொடுத்தான். என் புத்தகப் பையை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு நனைந்தபடி முன்னே போனான். நான் குடை பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

இது துரோகமா என்று சட்டம் தெரிந்தவரைக் கேட்டால் இல்லை என்பார். யாருக்கும் அடி விழவில்லை. திருட்டுப் பட்டம் கட்டவில்லை. அதனால்தான் ஒன்பது ஆண்டுகள் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவன் பத்தாவது முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் போனான். பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸாப்பில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான். நான் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். சில ஆண்டு அதுவும் இல்லை. நாவலில், எழுத்துக் கற்றுக்கொண்ட ஹசன் அமீருக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அது அமீரின் கைக்கு வரும்போது எழுதியவன் உயிரோடு இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், மணி மூன்று. கைப்பேசியை எடுத்து அவனுடைய வாழ்த்துப் படங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கரும்பு, பானை, சூரியன். கரும்பு, பானை, சூரியன்.

ஹசன் மிக நல்லவனாக இருக்கிறான், கோபமே வராதா என்று நாவலைக் குறை கூறுவோர் உண்டு. நியாயமான குறைதான். கதை முழுவதையும் சொல்பவன் அமீர். ஹசனின் உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பிறர் மனத்தை அறியாதபோது, குற்றமுள்ளவன் அதை நல்லதாகவே எழுதிக்கொள்கிறான். மன்னிப்பு எளிதாகிவிடுகிறது அல்லவா? 2007-இல் இக்கதை திரைப்படமானபோது, அந்தச் சந்துக் காட்சியால் தீங்கு நேருமென்று அஞ்சி, நடித்த ஆப்கானியச் சிறுவர்களையே நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வைக்க நேர்ந்தது. கதையில் ஹசன் போகிறான். நடிப்பிலும் சிறுவன்தான் போக வேண்டியிருக்கிறது. என் கதையிலும் அவனை நான் அப்படி எழுதிவிடக் கூடாது என்று, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவனை அழைத்தேன்.

மணி அடித்த உடனே எடுத்தான். "தம்பியா? சொல்லுங்க தம்பி. ஊர்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" குரலில் பதற்றம். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். வேறு எதற்கு நான் அழைப்பேன்?

ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் ஊர் பேசினோம். பிறகு, என்னை நீ என்று சொல்லேன் என்றேன். சிரித்தான். "அது வாயில வராது தம்பி."

பேருந்து நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். மழை, குடை, நான் சொன்ன சொல். மறுமுனையில் சத்தம் இல்லை. அவனுக்கு நினைவில்லை போலும் என்று எண்ணி ஆறுதல் அடையப் போன நேரத்தில் பேசினான். "நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே தம்பி. அப்பா வயல்லதானே வேலை பாத்தாரு." அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா, ஒன்றுமே இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. உடனே பேச்சை மாற்றி, "டில்லியில குளிரு ரொம்பன்னு டிவியில காட்டுறான். உள்ள என்ன போட்டுக்கிறீங்க?" என்றான்.

பத்து நாள் கழித்து விடுதி அலுவலகத்தில் எனக்கு ஒரு பார்சல் காத்திருந்தது. நான்கு முழுக்கை பனியன்கள். என் அளவை எப்படி அறிந்தான் என்று தெரியவில்லை. விலை கேட்டு எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பணத்தை அனுப்பினால் அது கூலி ஆகிவிடும். அனுப்பாவிட்டால் காலணி துடைத்து வைத்த பழைய கணக்கிலேயே இதுவும் சேரும். இரண்டு வாரமாக யோசிக்கிறேன். பனியன்களில் ஒன்றை அணிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திருப்பூரில் இறங்க எண்ணியிருக்கிறேன். இந்த இதழையும் எடுத்துச் செல்வேன். அதை அவன் முன் வாசிப்பேனா, அவனையே படிக்கச் சொல்வேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.